குணமாகாத வீட்டிலிருந்து, போதகர்களுக்கும் ஜெபக்குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், வீடு வீடாக வந்து ஜெபிக்கிற ஜெபக்குழுவினருக்கும் ஸ்தோத்திரங்கள்.

நான் ஒரு குடும்பத்தலைவி, இரண்டு பிள்ளைகளின் தாய். பல வருடங்களாக முடக்குவாதத்தோடு வாழ்கிறேன். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதுவார்கள். வயதானால் வருகிற மூட்டுத் தேய்மானம் இல்லை இது. கிருமிகளோடு போராட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தடம் மாறி நம் மூட்டுகளின் உள்சவ்வையே தாக்குகிற நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம். அடியோடு போக்குவதற்கு இன்னும் வழி இல்லை.

என் நோயைப் பற்றிச் சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. சர்க்கரை நோய், வலிப்பு, லூபஸ், சிறுநீரகச் செயலிழப்பு என்று தீராத நோயோடு ஆராதனைக்கு வருகிறவர்கள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். வர முடியாமல் படுக்கையிலிருந்தே ஜெபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்கிற கணவனோ மனைவியோ தாயோ பிள்ளையோ பின்வரிசையில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலரோடு பேசியிருக்கிறேன். எல்லார் மனதிலும் ஒரே குறைதான் இருக்கிறது. அதை யாராவது ஒருவர் உங்களிடம் சொல்ல வேண்டும், அதனால் நான் சொல்கிறேன்.

நம் சபைகளில் சுகம் பெற்றவர்களுக்கு ஒரு இடம் இருக்கிறது. மைக்கைக் கையில் வாங்கிச் சாட்சி சொல்கிறார்கள், எல்லாரும் அல்லேலூயா சொல்கிறோம். சுகமாகாமலே விசுவாசத்தில் நிற்கிறவர்களுக்கு அந்த இடம் இல்லை. எங்கள் பெயர் ஜெப விண்ணப்பப் பட்டியலில் இருக்கும், பிறகு ஒரு நாள் அதிலிருந்தும் போய்விடும். பதில் வரும்வரை எங்களிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை என்று நினைத்துவிடுகிறீர்கள். எங்களுக்குச் சாட்சி உண்டு, ஐயா. அதைக் கேளுங்கள் என்றுதான் இந்த மடல்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தெய்வீக சுகத்தை நான் மறுக்கவில்லை. இயேசு இன்றும் சுகமாக்குகிறார் என்று நம்புகிறேன். என் கைகளுக்காக இன்று காலையும் ஜெபித்தேன், நாளையும் ஜெபிப்பேன். சுகம் பெற்ற ஒரு சகோதரி அழுதுகொண்டே சாட்சி சொல்லும்போது எனக்கும் கண் கலங்குகிறது, அவர்களுக்காக மனதாரக் கர்த்தரைத் துதிக்கிறேன். அந்தச் சாட்சிகளைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் விசுவாசம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போதுதான் நான் கேட்பது புரியும்.

முடக்குவாதத்தில் காலை நேரம்தான் மோசம். இரவெல்லாம் அசையாமல் இருந்த மூட்டுகள் இறுகிப்போயிருக்கும். விரல்கள் மடங்குவதற்கு ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் அதற்கு மேலும் ஆகும். கணவர் ஒரு பாத்திரத்தில் இளஞ்சூடான தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். இரண்டு கைகளையும் அதில் அமிழ்த்திக்கொண்டு கட்டிலோரத்தில் உட்கார்ந்திருப்பேன். என் தியான நேரம் அதுதான். வேதாகமத்தின் தாள் எவ்வளவு மெல்லியது என்பது விரல் மடங்காதவர்களுக்குத்தான் தெரியும். ஒரு தாளைப் புரட்டப் போனால் நாலைந்து சேர்ந்து வரும், சங்கீதத்தைத் தேடினால் நீதிமொழிகளில் போய் நிற்கும். இப்போதெல்லாம் போனில் வேதத்தை ஒலியாகக் கேட்கிறேன். முழங்காலில் நிற்க முடியாது. கண்ணை மூடினால் வலி இன்னும் பெரிதாகத் தெரிகிறது, அதனால் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கிறேன். சில நாள் ஜெபம் என்பது "ஆண்டவரே" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடும். ஏற்றபடி வேண்டிக்கொள்ள நமக்குத் தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கு அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8ஆம் அதிகாரம் சொல்கிறதே, அதை நம்பி அப்படியே விட்டுவிடுகிறேன்.

கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். அந்த வசனம் புலம்பல் புத்தகத்தில் இருக்கிறது. எரிந்து பாழாய்க் கிடந்த எருசலேமைப் பார்த்து அழுதவருடைய வாயிலிருந்து வந்த வார்த்தை அது. அதை எழுதியபோது நகரம் திரும்பக் கட்டப்படவில்லை. என் காலைகளில் அந்த வசனம் எனக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

அப்புறம் வீடு எழுந்துவிடும். பிள்ளைகள் கிளம்ப வேண்டும். என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவது பெரியவள், தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து தருவது சின்னவன். எதற்கெடுத்தாலும் பிறரைக் கேட்க வேண்டியிருப்பது ஒரு கட்டத்தில் கோபமாக மாறும். அந்தக் கோபம் கணவர் மேல் விழும். அவரும் மனுஷன்தானே, சில நாள் திருப்பிச் சொல்வார். இரவு குடும்ப ஜெபத்தில் உட்காரும்போது, "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற வரிக்கு வந்ததும் நாங்கள் இருவரும் ஒரு நிமிடம் நிறுத்துவோம். அந்த இடத்தில்தான் பல நாள் சண்டை முடிந்திருக்கிறது. தீராத நோய் இருக்கிற வீட்டில் பக்தி என்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன இடங்களில்தான் நடக்கிறது. இதை யாரும் மேடையில் ஏற்றிச் சொல்லச் சொல்வதில்லை. எனக்கோ இது செங்கடல் பிளந்ததற்குக் குறைந்த காரியமாகத் தெரியவில்லை.

இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுப்பார்கள். அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். போட்ட மறுநாள் குமட்டலும் அசதியுமாக இருக்கும். சனிக்கிழமை போட்டால் ஞாயிறு ஆராதனை கைவிட்டுப் போகும். அதனால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை நாளையே மாற்றிக்கொண்டேன். அப்படியும் சில ஞாயிறுகளில் எழுந்திருக்க முடியாது. அடுத்த வாரம் வாசலிலேயே, "என்ன சிஸ்டர், போன வாரம் ஆளையே காணோம், ஜெபத்துல குறைஞ்சிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கேட்கிறவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்கு வரும்வரை கூடவே வரும்.

சரி, இப்போது கொஞ்சம் கடினமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஜெபக்கூட்டத்தில் ஊழியர் ஒருவர் என்னை முன்னால் அழைத்தார். கைகளைப் பிடித்துக்கொண்டு சத்தமாக ஜெபித்தார். முடித்ததும், "இப்ப விரலை மடக்குங்க. வலி போச்சா?" என்றார். மைக் என் வாய்க்கு நேரே இருந்தது. கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. "போயிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். எனக்கு வலி இருந்தது. "இன்னும் வலிக்குது, பிரதர்" என்றேன். அவர் மைக்கை எடுத்துக்கொண்டு, விசுவாசத்தில் தடை இருந்தால் சுகம் வராது என்று பொதுவாகப் பிரசங்கிப்பதுபோலச் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். நான் என் இடத்துக்கு நடந்து வந்த அந்தத் தூரத்தை இன்னும் மறக்கவில்லை. தேவசமூகத்தில் உண்மையைச் சொன்னதற்காக ஒருத்தி வெட்கப்பட வேண்டியிருந்தது, அதுதான் என் வருத்தம். அன்று எத்தனை பேர் வலியோடு "போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்களோ.

தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். கைவைத்து ஜெபியுங்கள், எண்ணெய் பூசி ஜெபியுங்கள், எங்களுக்கு அது வேண்டும். ஆனால் அந்த நிமிடமே எல்லார் முன்னாலும் பரீட்சை வைக்காதீர்கள். நிஜமாகவே சுகமாகியிருந்தால் அது ஓடிப்போகாது. ஒரு மாதம் கழித்து, டாக்டரும் பார்த்த பிறகு சாட்சியாகச் சொல்லலாம். குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசுவே, நீ போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றுதானே அனுப்பினார்.

இன்னொரு கேள்வி எங்களைத் தேடித் தேடி வரும். "ஏதாவது மறைவான பாவம் இருக்கா, யோசிச்சுப் பாருங்க." குடும்பத்தில் யாராவது செய்ததா, முன்னோர் சாபமா என்று விசாரணை போகும். பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் இதையேதான் கேட்டார்கள். இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று ஆண்டவர் நேரடியாகப் பதில் சொல்லிவிட்டார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்களைப்போல நல்ல சிநேகிதர்கள் கிடையாது. பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர் அவர்களில் ஒருவனான எலிப்பாசைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டார். யோபு எத்தனை கசப்பாகப் பேசியிருக்கிறான் என்று படித்துப் பாருங்கள், அப்புறம் இந்தத் தீர்ப்பைப் படியுங்கள். கலங்கிப்போய்த் தேவனையே கேள்வி கேட்டவன் பக்கம்தான் தேவன் நின்றார்.

பெரியவர்கள் நாங்கள் இதையெல்லாம் எப்படியாவது தாங்கிக்கொள்வோம். பிள்ளைகளால் முடியாது. இந்த மடலை எழுத வைத்ததே என் மகன் கேட்ட கேள்விதான். ஓய்வுநாள் பள்ளியில் சந்தேகப்படாமல் ஜெபித்தால் எல்லாம் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவன் எனக்காகத் தினமும் ஜெபிக்கிறவன். ஒரு நாள் இரவு, படுக்கப் போகும் முன் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நான் சரியா ஜெபிக்காததுனாலதான் உனக்குச் சரியாகலையா?" என்றான்.

என் நோய்க்கான பாரத்தை அவன் தன் தலையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் நடந்தானோ தெரியவில்லை. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, கெத்செமனே தோட்டத்தின் கதையைச் சொன்னேன். இயேசு தம் பிதாவிடம், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும் என்று கேட்டார். ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்பக் கேட்டார். அது நீங்கவில்லை. "இயேசு சரியா ஜெபிக்கலையா?" என்று கேட்டேன். அவன் இல்லை என்று தலையாட்டினான். "பிதாவுக்கு அவர்மேல அன்பு இல்லையா?" என்றேன். அதற்கும் இல்லை என்று தலையாட்டினான். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினோம். கொஞ்ச நேரத்தில் அவன் தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

சிறுபிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்களே, உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் சிலருடைய வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு பாடம் எடுங்கள். ஜெபத்துக்குப் பதில் கிடைத்த கதைகளோடு, பவுலின் மாம்சத்தில் இருந்த முள்ளையும் சொல்லிக்கொடுங்கள். மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்றுதான் பதில் வந்தது.

பவுலை நாம் சுகமளிக்கும் ஊழியத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறோம். எபேசுவில் அவருடைய உடம்பில் பட்ட துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டபோதே வியாதிகள் நீங்கின. மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பனை ஜுரத்திலிருந்து சுகமாக்கினார். அதே பவுல்தான், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று தன் இளம் உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அந்தத் தீமோத்தேயுவுக்கே வயிற்றுக் கோளாறும் அடிக்கடி வருகிற பலவீனங்களும் இருந்தன. விசுவாசக்குறைவு என்று அவனைப் பவுல் கடிந்துகொள்ளவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்காதே, கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று அந்தக் காலத்துக் கைவைத்தியத்தை எழுதி அனுப்புகிறார். இன்னொரு உடன் ஊழியனான எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டபோது, தேவன் இரங்கியிராவிட்டால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று எழுதுகிறார். ஆதித் திருச்சபையில் நோயாளிகள் இருந்தார்கள், ஊழியமும் செய்தார்கள்.

மருந்து பற்றிப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்திக் காட்டுங்கள் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். என்னைப் போன்றவர்கள் நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்திருப்போம். அது உடம்புக்குள் போகப் போக, அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். ஒரே நாளில் நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சரிந்துவிடலாம். நிறுத்தச் சொன்னவர் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுவார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பது குடும்பம்தான்.

உபவாச ஜெபமும் அப்படித்தான். சபையாக மூன்று நாள் உபவாசம் அறிவிக்கும்போது, இன்சுலின் போடுகிறவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், சாப்பாட்டோடு மாத்திரை எடுக்க வேண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம் என்று மேடையிலிருந்தே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர்கள் குற்ற உணர்வில்லாமல் சாப்பிடுவார்கள். நாங்களாகக் கேட்டு அனுமதி வாங்கும் நிலைமைக்கு எங்களைக் கொண்டுவராதீர்கள்.

எசேக்கியா ராஜாவின் ஆயுளைக் கர்த்தர் 15 வருடம் கூட்டிக் கொடுத்தார். அந்த வாக்கு வந்த பிறகும், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா. லூக்காவைப் பவுல் பிரியமான வைத்தியன் என்று அழைக்கிறார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921இல், ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அது போடப்பட்டது 1922 ஜனவரியில். அதற்கு முன் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு வருடங்களுக்குள் இறந்துபோவார்கள். இன்று அதே நோயோடு பிள்ளைகள் வளர்ந்து, படித்து, கல்யாணம் பண்ணி, பாடகர் குழுவில் நின்று பாடுகிறார்கள். இதற்காக ஒரு ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தால் என்ன? மருந்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு அறிவு கொடுத்தவர் யார்? என் வாரமாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஸ்தோத்திரம் சொல்லித்தான் போடுகிறேன்.

சந்திப்பு ஊழியம் பற்றியும் ஒரு வேண்டுகோள். உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால் அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக என்று யாக்கோபு எழுதுகிறார். நடக்க வேண்டியவர்கள் மூப்பர்கள். வியாதிப்பட்டவன் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும் என்று அவர் எழுதவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யுஸ்தீனு என்கிற இரத்தசாட்சி, அன்றைய ஞாயிறு ஆராதனையை விவரிக்கும்போது, வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் திருவிருந்தின் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அத்தனை பழமையான வழக்கம் இது. நம்மில் பல சபைகளில் மாதம் ஒருமுறை திருவிருந்து நடக்கிறது. அந்த ஒரு ஞாயிறு எழுந்திருக்க முடியாமல் போனால் இரண்டு மாதம் ஆகிவிடும். அன்று சாயங்காலமே யாராவது ஒருவர் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தால், நானும் அந்தப் பந்தியில் ஒருத்திதான் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வரும்போது கவனித்துக்கொள்கிறவரையும் பாருங்கள். என் கணவரிடம் எல்லாரும் கேட்பது, "சிஸ்டர் எப்படி இருக்காங்க?" என்றுதான். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டவர்கள் மிகவும் குறைவு. வேலைக்குப் போய்விட்டு வந்து, வீட்டு வேலையைப் பாதி பார்த்து, இரவில் என் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அவர் தனியாக ஜெபிக்க உட்காருவார். உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். நான் எழுப்புவதில்லை. இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை, ஆகவே என் கணவர் தூங்கலாம். களைத்துப்போயிருக்கிறேன் என்று ஆண்கள் ஐக்கியத்தில் அவரால் சொல்ல முடியவில்லை. சொன்னால் மனைவியைப் பாரமாக நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் ஒரு சின்ன விதி உண்டு. நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணக் கூடாது என்ற ஒழுங்கிலிருந்து முதியோருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் அதே விலக்கு. அந்தக் கடைசி வரியைச் சேர்த்தவர்களுக்கு நோய் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது. எந்தச் சபையாக இருந்தாலும் அந்தக் கண்ணோட்டம் நமக்கு வேண்டும்.

பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜனை உங்களில் பலர் மேற்கோள் காட்டுவீர்கள். 19 வயதில் லண்டனில் போதகராகி, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கித்தவர். கவுட் என்கிற மூட்டு நோயும் மனச்சோர்வும் அவரை விடாமல் வாட்டின. வாரக்கணக்கில் பிரசங்க பீடத்துக்கு வர முடியாமல் இருந்தார். 1892இல் 57 வயதில், உடம்பு தேறுவதற்காகப் போயிருந்த பிரான்ஸ் நாட்டு மென்டனில் காலமானார். அவருடைய மனைவி சுசன்னாவும் நீண்ட காலம் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வர முடியாத நோயாளிதான். அந்த அம்மா 1875இல், புத்தகம் வாங்க வசதியில்லாத போதகர்களுக்கு இலவசமாகப் புத்தகம் அனுப்பும் ஊழியத்தை வீட்டிலிருந்தபடியே ஆரம்பித்து, வருடக்கணக்கில் நடத்தினார். இரண்டு நோயாளிகள், இரட்டைப் பிள்ளைகள், ஒரு வீடு. அந்த வீட்டைப் பற்றி ஒரு முறை பிரசங்கியுங்களேன். ஸ்பர்ஜனுடைய பிரசங்கத்தைப் போலவே அந்த வீடும் எங்களுக்கு உதவும்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் 18 வருடம் கூனியாயிருந்த ஒரு பெண் வருகிறாள். அவள் சுகமான பகுதியைத்தான் நாம் எப்போதும் பேசுகிறோம். அவளை இயேசு எங்கே பார்த்தார் என்று கவனித்தேன். ஓய்வுநாளில், ஜெப ஆலயத்தில். கொஞ்சமும் நிமிர முடியாத உடம்போடு அவள் அங்கே வந்திருந்தாள். சுகம் கேட்டு வந்ததாக ஒரு வார்த்தையும் அங்கே இல்லை. ஆராதிக்க வந்திருந்தாள், அவர் அவளைக் கண்டார், அவரே கூப்பிட்டார். நிமிர்ந்த பிறகு அவள் தேவனை மகிமைப்படுத்தினாள் என்று எழுதியிருக்கிறது. நிமிர முடியாமலே அன்று காலை அவள் வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தாளே, அதுவும் மகிமைதானே. அன்று இயேசு வராமல் இருந்திருந்தால் நம்மில் எத்தனை பேர் அவளை ஒரு விசுவாச வீராங்கனை என்று சொல்லியிருப்போம்?

விசுவாச வீரர்களின் பட்டியல் எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் அதில் உண்டு, கல்லெறியுண்டவர்களும் உண்டு. கடைசியில், இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்று முடிகிறது. அடையாமற்போனவர்களுக்கு நற்சாட்சி கொடுத்தது வேதம். அவர்களுக்கு ஐந்து நிமிடம் கொடுக்க நம் சபைகளால் முடியாதா? சாட்சி நேரத்தில், "எனக்கு இன்னும் சுகம் கிடைக்கவில்லை, ஆனால் இந்த வாரமும் கர்த்தர் என்னைத் தாங்கினார்" என்று ஒருவர் எழுந்து சொல்லட்டும். சொல்லி முடித்ததும், "சீக்கிரம் பூரண சுகம் கிடைக்கும்" என்று அவசரமாக ஒட்டுப்போடாமல் அல்லேலூயா சொல்லுங்கள். சங்கீதம் 88 இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது. அதையும் பரிசுத்த ஆவியானவர் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அப்படியே வாசியுங்கள், விளக்கம் சொல்லி மெழுகாமல்.

ஜெபப் பட்டியலிலிருந்து எங்கள் பெயரை எடுக்காதீர்கள். வருடக்கணக்கில் அதே பெயர், அதே நோய் என்று சலிப்பாக இருக்கும், புரிகிறது. எங்களுக்கும் சலிப்பாகத்தான் இருக்கிறது. பெயரை எடுப்பதற்குப் பதிலாக விண்ணப்பத்தை மாற்றுங்கள். வருகிற வாரம் என்ன ஜெபிக்க வேண்டும் என்று எங்களிடமே கேளுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு நல்லபடி வர வேண்டும் என்போம், பிள்ளையிடம் எரிந்துவிழாமல் இருக்க வேண்டும் என்போம், ஒரு இரவு முழுத் தூக்கம் வேண்டும் என்போம். இவற்றுக்கெல்லாம் கர்த்தர் பதில் கொடுக்கிறார். அந்தப் பதில்களை உங்களுக்கும் சொல்லலாம்.

எங்களிடம் வேலையும் கேளுங்கள். என்னால் நாற்காலிகளைத் தூக்கிப் போட முடியாது, ஆனால் போனில் பேச முடியும். புதிதாக நோய் கண்டறியப்பட்டு பயந்துபோயிருக்கிற ஒரு சகோதரியின் எண்ணை என்னிடம் கொடுங்கள். முதல் வருடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுடைய இரண்டு மணி இரவுகளும் எனக்குத் தெரியும். பெரும்பாலும் அந்த நேரத்தில் நானும் விழித்துத்தான் இருப்பேன்.

எங்களைப் போன்றவர்களுடைய வீட்டுக்கு நீங்கள் வருவதாக இருந்தால் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். முடக்குவாதக்காரர்களுக்குக் காலை நேரம் ஒத்துவராது, மாலையில் வாருங்கள். கணவரும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்தால், அவர்களுக்காகவும் ஜெபிக்கலாம். பத்து நிமிடம் போதும், நீண்ட நேரம் உட்கார்ந்தால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். என் கையைப் பிடித்து ஜெபிப்பதாக இருந்தால் இறுக்காமல் பிடியுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபையில் ஒரு சகோதரி